முதலில் கண், பிறகு கருவி
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

நம் வீட்டுத் திருமணங்களில் ஒரு காட்சியைக் காணாதவர் இருக்க மாட்டார். அம்மி மிதித்து முடித்த மணமக்களை மண்டப வாசலுக்கு அழைத்து வந்து, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்கிறார் புரோகிதர். நேரமோ காலை ஒன்பது மணி. வெயில் சுட்டெரிக்கிறது. மணமகளும் "தெரிகிறது" என்று தலையசைக்கிறாள். காணாததைக் கண்டதாகச் சொல்லும் இந்தப் பழக்கம் மணமேடையோடு நிற்கவில்லை; நம் கல்வியிலும் புகுந்துவிட்டது என்பது என் கருத்து. வியாழனுக்கு நான்கு பெரிய நிலாக்கள் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அவற்றைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

நானும் காணாதவர் கூட்டத்தில் ஒருவனாகத்தான் இருந்தேன். முதலாம் ஆண்டில் கிடைத்த உதவித்தொகையில் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் வைக்கலாம் என்று பேசி வைத்திருந்த பணம் அது. பெட்டியின் மேல் "525 மடங்கு பெருக்கம்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அன்றிரவே மொட்டை மாடிக்குச் சென்று, இருப்பதிலேயே வலிமை மிக்க வில்லையைப் பொருத்தி வியாழனைத் தேடினேன். தெரிந்தது இருட்டு மட்டுமே. குழாயைத் தொட்டால் முக்காலி ஆடியது. தப்பித் தவறி அகப்பட்ட ஒளியும் கலங்கிய புள்ளியாய் ஓடி மறைந்தது. ஒரு வாரத்தில் கருவி பரண் ஏறியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

குற்றம் யாருடையது? பாதி, பெட்டியில் அச்சிட்டவருடையது. மீதிப் பாதி என்னுடையது. பொருளருகு வில்லையின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் பெருக்கம் வரும் என்று ஒளியியல் தேர்வில் எழுதியவன் நான். என் கருவியின் குவியத் தொலைவு 700 மி.மீ. 4 மி.மீ. வில்லையும் மூன்று மடங்காக்கும் இடைவில்லையும் சேர்ந்தால் 525 வரத்தான் செய்யும். ஆனால் விட்டம் 60 மி.மீ. உள்ள கருவி, விட்டத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 120 மடங்கு வரைதான் பயன்படும். அதற்கு மேல் உருவம் பெருக்கும், தெளிவு பெருகாது. 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைக் கண்ட கலிலியோவின் கருவி ஏறக்குறைய 20 மடங்குதான் பெருக்கியது!

என்னை மீட்டவர் என் அப்பத்தா. சித்திரை மாதத்து மின்வெட்டு இரவு ஒன்றில் மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். வயலுக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சிய காலத்தில் விண்மீன்களே அவருக்குக் கடிகாரம். மேற்கே சாயும் திருவாதிரையைக் காட்டினார். வடக்கே ஏழு மீன்களைக் காட்டி, "வாலுக்கு நடு மீனைப் பாரு ராசா, ஒட்டினாப்பல ஒரு பொடி மீன் இருக்கா? அதுதான் அருந்ததி. பெரியது வசிட்டரு" என்றார். எழுத்துக் கூட்டவும் அறியாத அவர் வானத்தைப் படித்தார். மூன்று நூல்கள் படித்த நான் விழித்தேன்.

மறுநாள் கருவியைப் பரணிலிருந்து இறக்கி, 20 மி.மீ. வில்லையைப் பொருத்தி, 35 மடங்கில் வசிட்டரைப் பார்த்தேன். வசிட்டரே இரண்டு விண்மீன்கள்! அப்பத்தாவையும் அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டு நாளும் ஒண்ணுன்னு நெனச்சேனே" என்றார். அம்மாவும் தையலை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்து பார்த்தார்.

ஆகவே நண்பர்களே, ஒரு மாதம் வெறும் கண்ணால் வானத்தைப் பழகுங்கள். பிறகு ஓர் இரட்டைக்குழல் தொலைநோக்கியை இரவல் வாங்குங்கள். கருவி வாங்குவதானால் எத்தனை மடங்கு என்று கேளாதீர்கள். விட்டம் எவ்வளவு, தாங்கி ஆடாமல் நிற்குமா என்று கேளுங்கள். குறி பார்க்கும் சிறு குழாயைப் பகலிலேயே தொலைவிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நோக்கிச் சரிசெய்யுங்கள். நிலாவைப் பௌர்ணமியன்று பாராதீர்கள். பாதி நிலாவில் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் எழுந்து நிற்கும். வியாழனின் நிலாக்களை அடுத்தடுத்த இரவுகளில் குறிப்பேட்டில் வரையுங்கள். அவை இடம் மாறுவது தெரியும். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: சூரியனை நோக்கிக் கருவியை ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும்.

இனி, எல்லோராலும் நாலாயிரம் ரூபாய் தர முடியாது. தரவும் வேண்டாம். நம் இயற்பியல் துறையின் கண்ணாடி அலமாரியில் என்னுடையதைவிட நல்ல தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, இருப்புச் சரிபார்க்கும் நாளில் மட்டும் அது வெளிச்சத்தைப் பார்க்கிறது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் நியாயமானதே. ஆய்வக உதவியாளர் தலையில் அதைக் கட்டுவது முறையன்று. கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாங்கள் அணியமாக இருக்கிறோம். வெளியூர் மாணவியர் இருட்டுமுன் பேருந்து பிடிக்க வேண்டுமே என்பர். வளர்பிறை எட்டாம் நாளில், சூரியன் மறையும்போதே பாதி நிலா உச்சிக்கு அருகில் நிற்கும். ஆறரை மணிக்குள் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

நம் மாநிலத்தில் ஜவ்வாது மலைமேல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வளவு பெரிய கண் நமக்கு வேண்டாம். மாதம் ஒரு மாலை அலமாரியின் பூட்டைத் திறந்து விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுவரப் பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் போதும்.

அப்படிப் பார்த்துப் பழகிய ஒருவன் நாளை மணமகனாய் நிற்கும்போது, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டால் தலையாட்ட மாட்டான். "பகலில் தெரியாது ஐயா, இரவு ஒன்பது மணிக்கு மாடிக்கு வாருங்கள், நான் காட்டுகிறேன்" என்பான்.