எடைக்குப் போன விளக்கு

சென்ற ஞாயிறன்று குடும்பத்துடன் புனே சுக்கிரவார் பேட்டையிலுள்ள ராஜா தினகர் கேல்கர் பொருட்காட்சிசாலைக்குச் சென்றிருந்தோம். தினகர் கேல்கர் (1896–1990) ஊர் ஊராய்த் தேடிச் சேர்த்த பொருள்கள் இவை. இளமையிலேயே மறைந்த தம் ஒரே மகன் ராஜாவின் பெயரை அவற்றுக்குச் சூட்டி, 1975-இல் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார்.

கோத்ரூடிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த மஸ்தானி மஹால் அழகியதுதான். ஆயினும் நம் கால்கள் நின்றது பாக்குவெட்டிகளின் முன்பும் பித்தளை விளக்குகளின் முன்புமே. பாக்கு நறுக்கும் கருவிக்கு இத்தனை எழிலா!

“அப்பா, நம் வீட்டில் ஏன் இப்படி ஒரு விளக்கு இல்லை?” என்றாள் மகள்.

இருந்தது. மாற்றல் உத்தரவு வந்த நாளில், பார்சல் எடை குறித்தே பழகிய நாம், சுமையென்று கருதிப் பாட்டியின் தூக்குவிளக்கை எடைக்கு விற்றோம். அன்பர்கள் வீட்டுப் பரணில் ஏதேனும் இருப்பின், பழம்பாத்திரக்காரரை அழைக்குமுன் ஒருமுறை இங்கு வந்து செல்லுங்கள்.

மகளுக்கு இன்னும் விடை கூறவில்லை.