திருப்புளி பிடித்த கை

வீட்டில் இருக்கும் கேமிங் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டால் நம் வீடுகளில் முதலில் விழும் பேச்சு, "வெளையாடி வெளையாடியே கெடுத்துப்போட்டான்" என்பதுதான். அடுத்தது, "இனி இதுக்கு ஒத்த ரூவா செலவு பண்ண முடியாது." பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். விசைத்தறியிலும் கட்டட வேலையிலும் துப்புரவுப் பணியிலும் சேர்த்த காசில், பழைய பாகங்களாகத் தேடி வாங்கிக் கோத்த பெட்டி அது. ஆனால் பிள்ளை அதைத் திறந்து பார்க்கக் குனியும்போது "தொடாதே" என்று தடுக்கிறோமே, அங்கேதான் எனக்கு மாறுபாடு.

அந்தப் பெட்டிக்குள் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பழகிய கை முதலில் பிளக்கைப் பிடுங்கும். ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் முனைகளை அழிரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்தி மாட்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கும். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டில் நேராகத் திரையை மாட்டும். நாணயம் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடும். எதற்கும் மசியாவிட்டால் நண்பனிடம் ஒரு எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கும். விளையாட்டின் நடுவே மட்டும் அணைந்துபோகிறது என்றால் சூட்டைச் சந்தேகிக்கும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். அதைப் பிரஷ்ஷால் எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினாலே பாதி நோய் தீரும்.

இதில் ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சந்தேகப்படு, சோதி, இல்லை என்றால் விலக்கு, அடுத்ததற்குப் போ. தலைவிதி என்று சொல்ல இங்கே இடமில்லை, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. பள்ளியில் பகுத்தறிவு என்று பாடமாகப் படிப்பதை இந்தப் பெட்டி செய்முறையாகச் சொல்லிக் கொடுக்கிறது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். மற்றவற்றைத் திறக்கட்டும்.

இன்னொன்றையும் அது கண்டுபிடிக்கும். புது எஸ்எம்பிஎஸ் போட்டும் சில மாதத்தில் மறுபடி போய்விட்டது என்று வையுங்கள். கடைக்காரர் "மட்டமான பொருள்" என்பார். நல்ல மெக்கானிக் சுவரைப் பார்ப்பார். மூன்று துளை சாக்கெட்டில் பெரிய துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இருக்காது. தொகுப்பு வீட்டில் ஒரே இணைப்பிலிருந்து இழுத்து இழுத்து மூன்று குடும்பம் வாழும். வோல்டேஜ் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். அப்படியானால் பழுது பெட்டியில் இல்லை, லைனில் இருக்கிறது. லைனைச் சரிசெய்யாமல் பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் எரியத்தான் செய்யும்.

நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த நாடு இந்த எளிய அறிவை மறந்துவிடுகிறது. கல்லூரியில் ஒரு தலித் மாணவர் தடுமாறினால் "தகுதி இல்லை" என்கிறார்கள். வீடு, பள்ளி, ஆங்கிலம், விடுதி, ஆசிரியரின் பார்வை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிவிட்டா சொல்கிறார்கள்? இல்லை. பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லும் அரைகுறை மெக்கானிக்கின் பேச்சு அது. அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் தமிழ்நாட்டில் சட்டமானது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று சொன்னது. அந்தச் சட்டம் சலுகை அல்ல. லைனில் எங்கே மின்சாரம் வராமல் நிற்கிறது என்று பார்த்துச் செய்த பழுதுநீக்கம்.

கோவை பிரித்துப் பார்ப்பவர்களைக் கொண்டாடும் ஊர். கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஓர் ஆங்கிலேயரிடம் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டியே தொழில் கற்றார் என்பதை இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லி வளர்க்கிறார்கள். 2025 அக்டோபர் 9 அன்று அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் அவர் பெயரில் திறக்கப்பட்டது. ஊர், தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை வந்த அதே நாட்களில், பாலத்தின் பெயரில் சாதி ஏறியது. அது பற்றி அப்போதே பலர் பேசிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. அவருடைய திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வண்டியைப் பிரித்த கை அவருடையது என்றால் மேதைமை, நம் தெருப் பிள்ளை பெட்டியைப் பிரித்தால் மட்டும் அது ஏன் சேட்டை?

பழுதுபார்ப்பது என்ற வேலையே இங்கே சாதி பார்த்துத்தான் மரியாதை பெறுகிறது. அறுந்த செருப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்து, எங்கே தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று ஒரு நொடியில் கண்டுபிடிக்கும் அருந்ததியப் பெரியவர் செய்வதும் பழுது கண்டறிதல்தான். அதற்கு இந்த ஊர் கொடுத்த பெயர் இழிதொழில். லேத் பட்டறையில் நின்றால் அதே அறிவு தொழில்நுட்பம். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கியது இதைத்தான்.

சரி, பிள்ளை கற்றுக்கொண்டது. தெருவில் நாலு வீட்டுப் பெட்டியைச் சரிசெய்தது. அடுத்து? வீட்டுக்கு வந்து பார்த்துத் தரச் சொல்லி போன் வரும். "தம்பி, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஊர் பெயரைச் சொன்னால் "அங்க எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். கொங்கில் இந்த இரண்டாவது கேள்வியின் பொருள் தெரியாதவர் யார்? அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார், வரவேற்போம். சொல் போய்விட்டது, கேள்வி வாசலில் நிற்கிறது. கம்ப்யூட்டரோ படுக்கையறையிலோ படிப்பறையிலோ இருக்கிறது. திண்ணையைத் தாண்டிப் போகாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

சொந்தக் கடை போடலாம் என்றால் பணம் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. 1974-இல் தொடங்கிய தாட்கோ இருக்கிறது. முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் தொழில்முனைவுத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் கடைக்கு இடம் வேண்டுமே. கடைவீதியில் கட்டடம் யாருடையது? முன்பணம் பேசி முடித்த பிறகு "சொந்தக்காரங்க கேக்கறாங்க" என்று கைவிரிப்பதற்கு எந்த மானியம் ஈடு? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், மற்றவர்களுக்கு உரிமையுள்ள தொழிலைத் தலித்துகள் செய்யவிடாமல் தடுப்பதையும், சமூகப் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்கிறது. காரணத்தை வாய்விட்டுச் சொல்லாத மறுப்பை வழக்காக்குவதுதான் கடினம். ஆகவே தீர்வை அரசு தன் கையில் உள்ள இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இது அவசரமான விஷயமும்கூட. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பல இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. உடையாத பெட்டியை உடைந்தது என்று கம்பெனி அறிவிக்கிறது. இந்தப் பக்கம் ஏஐ தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. புதிது வாங்க முடியாது, பழையதும் செல்லாது. இதில் வசதியானவர் மாற்றிக்கொள்வார், நம் பிள்ளை வெளியே நிற்கும். தூக்கிப் போட்ட பெட்டிகள் எங்கே போகும்? டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் செம்புக்காக ஒயரை எரித்துப் புகையை விழுங்குபவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பழுதுபார்க்கத் தெரிந்தால் அதே பெட்டியில் லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். அந்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே கேட்க வேண்டியவை இவை. ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் ஒரு பழுதுபார்ப்பு மேசை வேண்டும்: மல்டிமீட்டர், திருப்புளி செட், கழித்த சில பெட்டிகள், வாரம் ஒருநாள் வரும் பயிற்றுநர். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையில் ஒரு பங்கைத் தாட்கோ பயிற்சி பெற்ற இளைஞர்களுக்குத் தர வேண்டும். மாநகராட்சி, நகராட்சி வணிக வளாகங்களிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் தலித் தொழில்முனைவோருக்கு இடம் ஒதுக்கி, வேறு பெயரில் கைமாறாமல் கண்காணிக்க வேண்டும். நம் குடியிருப்புகளில் எர்த்திங் உள்ளதா என்று மின்வாரியம் வீடு வீடாகப் பார்க்க வேண்டும். இது கம்ப்யூட்டருக்காக மட்டுமல்ல, உயிருக்காக. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளம் வெறும் தளமாக நில்லாமல் சட்டமாக வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். நின்றுபோன பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். பையனிடம் மட்டுமல்ல, பெண் பிள்ளையிடமும் திருப்புளியைக் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கட்டும்.

ஜெய் பீம்!