பாஸுடன் பேசியதை எழுதி வையுங்கள்

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் தோப்பூரில் ஒரு வழக்கு என்னிடம் வந்தது. காணி வழக்கு என்று நினைத்துக் கதிரையைப் போட்டு அமர்ந்தேன். வந்ததோ ஒரு குளியலறை வழக்கு.

அந்தச் சகோதரியின் கணவர் கட்டாரில் இருக்கிறார். வீட்டில் இவரும் பிள்ளைகளும் வயதான உம்மாவும். குசினிக்குப் பின்னால் சிறியதொரு குளியலறை உண்டு. மலசலகூடம் மட்டும் வளவின் கோடியில். இரவில் உம்மா போவதென்றால் டோர்ச் லைட்டுடன் ஒருவர் கூடப் போக வேண்டும். ஒரு மழை நாளில் உம்மா வழுக்கி விழுந்து விட்டார். ஆகவே குளியலறையைப் பெருப்பித்து, கொமட் வைத்து, டைல்ஸ் பதித்து, எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே அமைக்கத் தீர்மானித்தார்கள்.

பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மேசன் பாஸ் ஒருவர் வேலையைக் கொந்தராத்தாக எடுத்தார். “முழு வேலையும் முடித்துத் தருகிறேன்” என்றார். தொகை பேசி முற்பணமும் கொடுத்தாயிற்று. ஒரு துண்டுக் கடதாசியில்கூட எதுவும் எழுதப்படவில்லை.

முழு வேலை என்றால் குழி வெட்டிக் கட்டுவதும் சேர்ந்ததே என்று சகோதரி நினைத்தார். நான்கு சுவருக்குள் உள்ள வேலைதான் என்று பாஸ் நினைத்தார். சுவரும் தரையும் முடிந்த பின் குழிக்குத் தனியாகக் காசு கேட்டார். இவர் மறுத்ததுடன், மிச்சப் பணத்தையும் கொடாமல் பிடித்துக் கொண்டார். பாஸ் தன் சாமான்களை எடுத்துக் கொண்டு போய் விட்டார். மூன்று கிழமையாக உம்மா மறுபடியும் வளவுக் கோடிக்கே நடந்தார். “வேற்று ஆளிடம் ஏன் கொடுத்தாய்?” என்று அயலவர்கள் வேறு கதைக்கத் தொடங்கி விட்டார்கள்.

இருவரும் சத்தியம் செய்யத் தயாராக நின்றார்கள். சத்தியம் வேண்டாம் என்று தடுத்தேன். இருவருமே பொய் சொல்லவில்லை என்பது கேட்டிருந்த எனக்கு விளங்கியது.

ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ‘இஜாரா’ என்னும் கூலி உடன்படிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. செய்ய வேண்டிய வேலையும் கொடுக்க வேண்டிய கூலியும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தெளிவில்லாமல் உடன்படிக்கை பழுதானால், செய்த வேலைக்கு ஊர் வழக்கப்படியான கூலி, அதாவது ‘உஜ்ரதுல் மிஸ்ல்’ கொடுபட வேண்டும். அதன்படி மூத்த பாஸ் ஒருவரை அழைத்து மதிப்பிட்டோம். சகோதரி மிச்சக் கூலியைக் கொடுத்தார். குழிக்குப் புதிதாக விலை பேசி எழுதினோம். அதே பாஸ் மறுநாளே வேலைக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! நமது கிழக்கிலே வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்கே கொடுக்கப்படுகிறது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் பாஸுடன் பேசுவதும் நீங்கள்தான். ஸூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தந்தைக்கு ஆலோசனை சொன்னவர் ஒரு பெண் என்பதை நினைவில் வையுங்கள். வலிமை, நம்பிக்கை ஆகிய இரண்டு தகுதிகளை அவர் எடுத்துச் சொன்னார். தந்தையோ 8 வருட வேலை, விரும்பினால் 10 என்று காலத்தைத் திட்டமாகக் கூறினார். மூஸா (அலை) அவர்கள் அதை ஒப்புக்கொண்டு அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். நம்பிக்கையானவர் என்று தெரிந்த பின்னும் நிபந்தனைகள் பேசப்பட்டன. ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் சிறிதோ பெரிதோ எழுதிக் கொள்ளச் சோம்பாதீர்கள் என்று போதிக்கிறது. தவணை முறையில் பணம் கொடுபடும் வேலைக்கும் அந்த ஒழுங்கு எவ்வளவு பொருத்தமானது!

‘வேற்று ஆள்’ என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. ஹிஜ்ரத்தின் போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர் அன்று குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தவர். ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளின் பின் தவ்ர் குகைக்கு வரும்படி குறித்துக் கொடுத்தார்கள். அவரும் சொன்னபடி வந்தார். இது புகாரியில் உள்ள செய்தி.

ஆகவே வேலை தொடங்கு முன் இவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்:

1. எதை உடைப்பது, கல் மண்ணை அகற்றுவது யார், குழியும் பைப் வேலையும் சேர்ந்ததா, டைல்ஸ் எத்தனை அடி உயரம்.

2. சாமான் வாங்குவது யார், மிஞ்சும் சீமெந்தும் டைல்ஸும் யாருக்கு.

3. எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம். இடையில் வேலை கூடினால் அதன் விலையை முதலில் பேசி எழுதுவது.

4. முடிக்கும் நாள். நமது பகுதியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக் காலம். வெட்டும் குழியில் நீர் ஊறும். அதற்கு முன் முடியுங்கள்.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டாரின் கிணற்றையும் அளந்து பாருங்கள். டைல்ஸ் பதிக்கு முன் பைப்பில் நீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். தரை, நீர் போகும் துளையை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரியட்டும். நீர் தேங்கினால் நஜீஸ் பட்டதோ என்ற வஸ்வாஸும் தேங்கும். வழுக்காத டைல்ஸ் போடுங்கள். முதியவர்கள் பிடித்தெழ ஒரு கைப்பிடியும் வையுங்கள். கிப்லாவை முன்னோக்குவதையும் பின்னோக்குவதையும் தவிர்க்க, கொமட்டை வடக்கு அல்லது தெற்கு முகமாக வைக்கும்படி முதல் நாளே சொல்லி விடுங்கள். இதற்கெனக் கட்டிய இடத்தில் அது ஹராமல்ல என்பது நமது மத்ஹபின் தீர்ப்பு. எனினும் தவிர்ப்பதே சிறப்பு. வேலை நடக்கும் நேரத்தில் வீட்டில் தனியாக இராமல் மஹ்ரமான ஒருவரை வைத்துக் கொள்ளுங்கள்.

வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுத்து விடுங்கள். வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காளியாக நிற்பான் என்று புகாரியின் ஹதீஸ் எச்சரிக்கிறது.

2006 ஆகஸ்டில் வீடு வாசலை விட்டு கந்தளாய் முகாம்களுக்குப் போன நமக்கு, கதவுள்ள ஒரு குளியலறை எத்தகைய நிஃமத் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நிஃமத்தில் ஒரு கூலியாளின் மனவருத்தம் கலந்து விடக்கூடாது. சுத்தமான இடத்தையும் சுத்தமான கொடுக்கல் வாங்கலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.