எறிய முன் பெட்டியைத் திறவுங்கள்

ஒரு வருடம் கைபடாத சாமானெல்லாம் குப்பை, வெளியேற்றுங்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து நெல்லியடி வீடுகளுக்கு இந்த விதி பொருந்தாது.

பாதியை ஏற்கிறேன். வளவில் கிடக்கும் யோகட் கப், சிரட்டை, பழைய ரயர் எல்லாம் மாரி மழையில் டெங்கு நுளம்பை வளர்ப்பவை. இன்றே அகற்றுங்கள்.

றங்குப்பெட்டி வேறு. கையில் எடுத்தால் மகிழ்ச்சி தருகிறதா என்பது, வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்பிக்கும் மரி கொண்டோ வைக்கும் இன்னொரு அளவுகோல். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அதை உலகெங்கும் கொண்டுபோனது. மடிப்பில் கிழிந்து, குண்டூசித் துரு படிந்த காணி உறுதி யாருக்கு மகிழ்ச்சி தரும்? ஆனால் காணி உங்களுடையது என்பதற்கு முதல் சாட்சி அதுதான். 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கையிலும் 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்விலும் சனம் நகையோடு காவியது உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கு ஒரு பழைய படமே ஆதாரம். இவற்றுக்கு ஒரு வருடக் கெடு வைக்க எவருக்கும் உரிமையில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பின், பழைய சஞ்சிகைகளும் கோயில் மலர்களும் நினைவு மலர்களும் பல வீட்டு அலுமாரிகளில்தான் மிஞ்சின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இப்படியான ஆவணங்களைத்தான் தேடி இணையத்தில் ஏற்றிவருகிறது.

ஆகவே மூத்தவர் ஒருவரை அருகில் இருத்திப் பெட்டியைத் திறவுங்கள். உறுதிகளைப் படம்பிடித்து, கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள். படங்களின் பின்னால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். எறிவதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.