எட்டு வழிச் சாலையும் ஒரு துப்பறியும் நாவலும்

மில் தோழர் ஒருவர் கேட்டார்: "சிரிக்கிற மாதிரி ஒரு துப்பறியும் நாவல் சொல்லுங்கள். மரத்தைக் காப்பாற்றப் போனவன் ஜெயிலுக்குப் போக வேண்டும்; மந்திரி மாலை போட்டுக்கொள்ள வேண்டும்." இதற்கு நூல்நிலையம் எதற்குத் தோழரே? நம் சேலம் ஜில்லாவிலேயே நடந்த கதைதானே!

2018-ல் சர்க்கார் அறிவித்தது: சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டு வழிச் சாலை. 277 கிலோ மீட்டர், 10,000 கோடி ரூபாய். கிணற்றைத் தூர்த்து, தென்னையைச் சாய்த்து, ஜருகுமலை அடிவாரத்தைக் கிழித்துக்கொண்டு போகும் சாலைக்கு வைத்த பெயர் "பசுமை வழிச் சாலை"! எந்தக் கதாசிரியனுக்கு வரும் இந்தத் துணிச்சல்? இரண்டேகால் மணி நேரத்தில் சென்னை போகலாமாம். யாருக்கு அவசரம்? ரயிலில் நின்றுகொண்டே போகும் நமக்கா?

அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி இதே ஜில்லாக்காரர். நெடுஞ்சாலைத் துறையும் அப்போது அவர் கையில் இருந்தது. போலீஸ் காவலோடு வந்து வயலில் கல் நட்டார்கள். அழுத கிழவிகளையும் வேனில் ஏற்றினார்கள். ஜூன் மாதத்தில் பியூஷ் மானுஷ் கைது, நடிகர் மன்சூர் அலிகான் கைது, ஒரு மாணவியும் கைது. குற்றம்? பேசினார்கள். ஆகஸ்டில் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் திருவண்ணாமலையிலிருந்து சேலத்துக்குக் கால்நடையாகக் கிளம்பினார்கள். அவர்களையும் வழியிலேயே பிடித்தார்கள். சாலை போடுகிற சர்க்காருக்கு ஜனங்கள் சாலையில் நடந்தால் ஆகாது!

இனித்தான் தமாஷ். திட்ட ஆலோசகர் தயாரித்த அறிக்கைக்குள் சீன தேசத்து ஊர் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது! எங்கோ எழுதியதைப் பார்த்து எழுதிய லட்சணம். 1962-ல் சீனாவின் கையாட்கள் என்று நம் தோழர்களைச் சிறையில் அடைத்தார்கள். சீனத்து ஊரைச் சேலத்துச் சாலைக்குள் கொண்டுவந்தவரை ஒரு கான்ஸ்டபிள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

2019 ஏப்ரல் 8-ம் தேதி சென்னை ஐகோர்ட் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்துச் செய்தது. மாற்றிய பதிவேடுகளைப் பழையபடி திருத்தச் சொன்னது. 2020 டிசம்பர் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட், அறிவிக்கை செல்லும், மேற்கொண்டு நடத்தலாம் என்றது. 2021-ல் ஆட்சி மாறியது. 2022-ல் புதிய நெடுஞ்சாலை அமைச்சர் எ.வ.வேலு, "நாங்கள் இச்சாலையை எதிர்க்கவே இல்லை" என்ற பொருளில் பேசினார். கூட்டாளி என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியுமா?

"வளர்ச்சிக்கு விரோதிகள்" என்று நம்மை ஏசுகிறவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறேன். கல் நட்டவர்களின் நோட்டில் கிணறு ஏறியது, தென்னை ஏறியது, ஓட்டு வீடும் ஏறியது. பட்டாதாரருக்கு ஏதோ ஒரு தொகை. அந்தக் குச்சிக்கிழங்குக் காட்டில் வருஷக் கணக்காகக் களையெடுத்து வயிறு கழுவிய கூலிக்காரியின் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?