கழுத்துச் சொடக்கு

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் முடி திருத்தும் நிலையங்கள் சிலவற்றில், வேலை முடிந்ததும் ஓர் உபசாரம் உண்டு. தலையைத் தட்டித் தேய்த்துவிட்டு, மோவாயைப் பிடித்து இரு பக்கமும் ‘மளுக்’கென்று ஒரு திருப்பு! அந்தச் சொடக்குக்காகவே அங்கே போகும் அன்பர்களை நாம் அறிவோம். செய்கிறவர் பிரியமாய்ச் செய்கிறார். பெறுகிறவரும் ஆனந்தமாய்ப் பெறுகிறார். ஆயினும் அதிலுள்ள அபாயத்தை நேயர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனிகள் கழுத்தில் நான்கு. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு. பின்புறத்தவை கழுத்தெலும்புகளின் துவாரங்களில் புகுந்து புகுந்து மேலே ஏறுகின்றன. கழுத்தைச் சடாரென்று முறுக்கினால், தமனியின் உட்சுவர் சில சமயம் கிழிந்துவிடும். கிழிசலில் உறையும் ரத்தக்கட்டி, மூளைக்குச் சென்று வழியை அடைக்கும். 2024-ல் பல்லாரியில் ஓர் இளைஞர் இப்படிச் சொடக்கு எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். சில மணி நேரத்தில் பேச்சு குழறி, இடது பக்கம் பலம் குன்றியதாகப் பத்திரிகைகள் எழுதின.

கைகால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று எண்ணுவது தவறு. மூளைத் தண்டுக்கு ரத்தம் தடைபட்டால் விசித்திரமான குறிகள் தோன்றும். ஜெனிவா நகரத்து வைத்தியர் வியூசோ, 1808-ல் தமக்கே நேர்ந்ததை விவரித்திருக்கிறார்: தலைசுற்றல், முகத்தின் ஒரு பாதியில் மரப்பு, எதிர்ப்பக்கத்துக் கைகால்களில் வலியும் சூடும் தெரியாமை, விழுங்குவதில் சிரமம், கம்மிய குரல், விக்கல், தொங்கிய இமை. இக்குறிகளின் மூலகாரணம் மூளைத் தண்டில் இருப்பதை 1895-ல் ஜெர்மன் வைத்தியர் வாலன்பர்க் விளக்கினார். நம் வீடுகளிலோ தலைசுற்றலைப் பித்தம் என்றும், விக்கலை வாயு என்றும் சொல்லிச் சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருப்போம். காலம் கழிந்துவிடும்.

காலமே இங்கே மருந்து. கட்டியைக் கரைக்கும் ஊசியை, குறி தோன்றியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். தகுந்தவர் யார் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நமக்கு வழியும் தூரமில்லை. டாக்டர் பா. ராமமூர்த்தி 1950-ல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கிய அரசுப் பொது மருத்துவமனை நம் சென்னையிலேயே இருக்கிறது; 108-ஐ அழைத்தால் வண்டி வரும். கழுத்தில் புதிதாய்க் கடும் வலி கண்டு, மேற்சொன்ன குறிகளில் ஒன்றும் சேர்ந்தால், வயது இளமை என்று அலட்சியம் வேண்டாம். கழுத்து திருப்பப்பட்ட செய்தியையும் வைத்தியரிடம் மறவாது சொல்லுங்கள்.

அடுத்த முறை நாற்காலியில் அமரும்போது, “தலையைத் தேய்த்தது போதும், ஐயா, கழுத்தைத் திருப்பவேண்டாம்” என்று இதமாய்ச் சொல்லிவிடுங்கள். அவரும் மனம் கோணமாட்டார்.