கணக்கு வந்தது, காலம் போயிற்று

அமெரிக்க வருமானவரிச் சட்டத்தில் 1924 முதல் ஒரு விதி உண்டு. பிரதிநிதிகள் அவையின் வரிக்குழுத் தலைவர் எழுத்துமூலம் கேட்டால், எவருடைய வரிக்கணக்கையும் நிதித்துறை அளித்தாக வேண்டும். ‘அளிக்கலாம்’ என்று அவ்விதி கூறவில்லை. 2019 ஏப்ரலில் இவ்விதியின்படியே குழுத் தலைவர் ரிச்சர்ட் நீல், அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் கணக்குகளைக் கேட்டார். நிதியமைச்சர் மினூச்சின் மறுத்தார். விதியின் சொற்களில் ஐயமில்லாததால் வழக்கு நோக்கத்தின்மேல் திரும்பியது. கோரிக்கையில் உண்மையான சட்டமியற்றும் நோக்கம் இல்லை என்பதே மறுப்பின் சாரம்.

இவ்வாதம் ஒரு சுழலில் சிக்கியது. பதவியிலிருக்கும் அதிபரின் கணக்குகள் முறையாகத் தணிக்கை செய்யப்படுகின்றனவா என்று அறிவதே குழு கூறிய நோக்கம். ஆவணங்களைப் பாராமல் அதை அறிய இயலாது. இறுதியில் ஆவணங்கள் கிடைத்தபோது, பதவியின் முதல் இரண்டு ஆண்டுகளில் கட்டாயத் தணிக்கை தொடங்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. முதல் தணிக்கை அறிவிப்பு, நீல் கடிதம் எழுதிய அதே நாளில்தான் அனுப்பப்பட்டிருந்தது. நோக்கமில்லை என்று மறுக்கப்பட்ட ஆவணங்களே நோக்கத்தின் நியாயத்தை மெய்ப்பித்தன.

ஆனால் எப்போது? 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்த பிறகு. டிசம்பர் 30 அன்று கணக்குகள் வெளியாயின. அவையில் பெரும்பான்மை கைமாற நான்கே நாள்கள் இருந்தன. 2020 ஜூலை 9 அன்று வெளியான இரு தீர்ப்புகளும் இத்தகையனவே. அதிபர் குற்ற விசாரணைக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்றது ஒன்று. நாடாளுமன்றத்தின் அழைப்பாணையைக் கடுமையான அளவுகோல்களால் சோதிக்க வேண்டும் என்றது மற்றொன்று. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன் ஒரு தாளும் மக்கள் பார்வைக்கு வரவில்லை. கொள்கை வென்றது; காலம் தோற்றது.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால், வேட்பாளரின் சொத்து விவரம் வாக்குப்பதிவுக்கு முன்பே பிரமாணப் பத்திரமாக வெளிவருகிறது. 2019 முதல் படிவம் 26இல் ஐந்தாண்டு வருமானத்தையும் காட்ட வேண்டும். ஆயினும் அந்த எண்களுக்கு அடிப்படையான வரிக்கணக்கு, 2012ஆம் ஆண்டின் கிரீஷ் தேஷ்பாண்டே தீர்ப்பின்படி தனிப்பட்ட தகவல். பெரும் பொதுநலனை நிறுவினாலொழியக் கிட்டாது. பொதுநலனை நிறுவவோ ஆவணம் வேண்டும். அதே சுழல்!

தனியுரிமை பொய்யான மதிப்பன்று. ஒரு குடிமகனின் வரிக்கணக்கு அண்டை வீட்டாருக்கு உரியதன்று. ஆனால் ஆட்சியதிகாரத்தைக் கோருபவர், தம் வருமானத்தைத் தாமே உறுதிமொழியாக அறிவித்த பிறகு, அவ்வுறுதிமொழியைச் சரிபார்க்கும் தாளை மறைப்பதற்கு என்ன நியாயம் எஞ்சுகிறது? பிரமாணப் பத்திரத்தோடு வரிக்கணக்கின் படியையும் இணைக்கச் சொல்வதும், இத்தகைய வழக்குகளுக்குத் தேர்தல் நாளைக் கெடுவாக்குவதும் சட்டத்தால் இயலாதவை அல்ல. வாக்களித்த பின் வரும் உண்மை வரலாற்றாசிரியருக்குப் பயன்படும், வாக்காளருக்குப் பயன்படாது.